சாட்சி சொல்லாத வாக்கியம்

ஜூன் 3, செவ்வாய்

மேல்தொட்டி கழுவ வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. பதிலாக நீதிமன்றத்திலிருந்து பெஞ்ச் கிளார்க் முத்துவிஜயன் வந்தார். நான் ஓய்வு பெற்ற வருடம் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. செருப்பை வாசலில் ஜோடியாக விட்டுவிட்டு உள்ளே வந்தார். என் கீழ் வேலை பழகியவர்களுக்கு அந்த ஒழுங்கு போகாது.

"மேடம், உங்களுக்குப் பெங்காலி தெரியும்லா?"

"கல்கத்தாவில் பதினோரு வருஷம் குடியிருந்தேன். தெரியாமல் இருந்தால்தான் வெட்கம்."

ஊருக்கு வெளியே இருக்கும் இறால் கம்பெனியில் நடந்த சாவு வழக்கு. அங்கே வேலை செய்த ஷெபாலி என்ற வங்காளப் பெண் விடுதி மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்துபோனாள். நேரில் பார்த்தவள் அவளுடைய அக்கா மினதி ஒருத்திதான். மேற்பார்வையாளர் ரத்தினவேல் தள்ளினார் என்கிறாள். ஆனால் போலீஸ் வாக்குமூலத்தில் 'கால் தவறி விழுந்தாள்' என்று இருக்கிறது. அன்று மொழிபெயர்த்தது கம்பெனி அனுப்பிய ஆள்.

"அந்தப் பிள்ளை பத்து நிமிஷம் அழுது அழுது பேசியிருக்கு, மேடம். அந்த ஆளு ஒரே ஒரு வரி சொல்லியிருக்கான். ஸ்டேஷன் ரைட்டர் அதை எழுதிட்டாரு."

எழுதியவர் மேல் குற்றமில்லை என்றேன். காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். நானும் பணிக்காலம் முழுவதும் அதைத்தான் செய்தேன். சாட்சி பேசுவார். நீதிபதி அதைக் கேட்டு, தன் வாக்கியத்தில் உரக்கச் சொல்வார். நான் சுருக்கெழுத்தில் எடுப்பேன். சாட்சி சொன்னது என் காதிலும் விழும்தான், ஆனால் அது என் வேலை இல்லை. ஒருமுறைகூட என் பதிவில் பிழை என்று எந்த நீதிபதியும் சொன்னதில்லை.

திருநெல்வேலியில் ஒரு பேராசிரியரைக் கேட்டார்களாம், அவர் மறுத்துவிட்டாராம். ஏன் மறுத்தார் என்று நான் கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.

ஜூன் 4, புதன்

சமையலறையில் வங்காள மொழியை வாய்விட்டுப் பேசிப் பார்த்தேன். வேலைக்கு வரும் ஜெசிந்தா, "யார்ட்டம்மா பேசுதிய?" என்று எட்டிப் பார்த்தாள்.

மொழி போகவில்லை. கல்கத்தா கிதிர்ப்பூரில் கீழ்வீட்டு லாபண்யா அக்கா கற்றுத்தந்தது. நான் முதலில் கற்ற சொற்கள் பனிக்கட்டி, தாழ்ப்பாள், வலிக்கிறதா. காய்கறிப் பெயர்களெல்லாம் பிறகுதான் வந்தன. ஏன் அந்த வரிசை என்பது எழுதிவைக்கும் அளவுக்கு முக்கியமில்லை.

ஹாலில் என் கணவர் படத்தின் கண்ணாடியைத் துடைத்தேன். காற்று மாதம் வந்தால் காலையில் துடைத்தால் மாலையில் புழுதி.

ஜூன் 9, திங்கள்

சாம்பல் நிறச் சேலை உடுத்திப் போனேன். சாட்சி சொல்வதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தேன். சாட்சிக் கூண்டு என் இடப்பக்கம் வரும்படி நாற்காலி போட்டிருந்தார்கள். வலப்பக்கம் வரும்படி மாற்றச் சொன்னேன். இடது காது எனக்குக் கொஞ்சம் மந்தம், வயதாகிறது.

மினதி மெலிந்த பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. இருபத்திரண்டு வயது. இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெளிறிப்போயிருந்தது. என்னை 'மாஷிமா' என்று கூப்பிட்டாள். சித்தி, பெரியம்மா முறைக்கு அவர்கள் ஊரில் அப்படி. அதைத் திருத்த வேண்டும் என்று நினைத்தேன், திருத்தவில்லை.

நீதிபதி வயது குறைந்த பெண், அவசரப்படாதவர். அரசு வழக்கறிஞர் கேள்வி கேட்டார். நான் வங்காளத்தில் கேட்டு, பதிலை, "தங்கையை முடியைப் பிடித்து இழுத்ததாக அவர் சொல்கிறார்" என்று தமிழில் சொன்னேன். நீதிபதி பேனாவை வைத்தார்.

"மேடம், 'அவர் சொல்கிறார்' வேண்டாம். சாட்சி 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்றே சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தாலும் அது சாட்சியின் குரல்தான்."

சட்டப்படி சரி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எழுதும்போது 'நான்' என்பது தாளில் ஒரு கோடு. வாயால் சொல்வது வேறாக இருக்கிறது. முழு நீதிமன்றத்துக்கும் முன்னால் நின்று, "நான் தடுக்கப் போனேன், என்னை அறைந்தார்" என்று சொன்னேன். என் குரல்தான் அதைச் சொன்னது. பின்வரிசையில் இருந்தவர்கள் ரத்தினவேலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

அடுத்து மினதி சொன்னது: அறை விழுந்ததும் காதுக்குள் குக்கர் விசில் போல ஒரு சத்தம் வந்தது, அது நாலு நாள் நிற்கவில்லை, தங்கையை அடக்கம் செய்யும்போதும் ஜெபச் சத்தத்துக்குமேல் அதுதான் கேட்டது.

அதை நான் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டேன். குடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. நான் களைத்திருந்ததைப் பார்த்து, குறுக்கு விசாரணையைப் பத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள்.

வராந்தாவில் மினதி என் கையைப் பிடித்தாள். காவலுக்கு வந்த பெண் போலீஸ் பார்த்தும் விட்டுவிட்டாள்.

"மாஷிமா, காதில் கேட்ட சத்தத்தைச் சொன்னீர்களா?"

"ஏன் கேட்கிறாய்?"

"நான் பேசிய நீளத்துக்கு நீங்கள் பேசவில்லை. எனக்கு உங்கள் மொழி தெரியாது. நீளம் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு ஸ்டேஷனில் அந்த ஆளும் இப்படித்தான் சீக்கிரம் முடித்தான்."

தமிழில் சுருக்கமாகச் சொல்லலாம் என்றேன். இது பொய்.

ஜூன் 10, செவ்வாய்

வாசல் கேட்டின் கொண்டியை நான்தான் போடுவேன், ஜெசிந்தாவை நம்புவதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் கேட் விரியத் திறந்திருந்தது. காற்றாக இருக்கும்.

ஜூன் 11, புதன்

இன்றும் திறந்திருந்தது. கொண்டியைத் தூக்காமல் அந்தக் கேட்டைத் திறக்க முடியாது. காற்றுக்குக் கை இல்லை.

எதிர் மருந்துக்கடைத் தாழ்வாரத்தில் இரண்டு பேர் பைக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் கொளுத்துகிறது, இரண்டு பேரும் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பிறகு, நான் ஏன் இழுக்க வேண்டும் என்று திறந்துவிட்டேன். மறுபடியும் இழுத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

டெரன்ஸ் பீரிஸ் வந்தார். எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவை உறுப்பினர். இறால் கம்பெனியில் பெரிய அதிகாரி என்பதும் எனக்குத் தெரியும். கையில் ஒரு டப்பா மக்ரூன். முந்திரி குறைவு, சர்க்கரை அதிகம்.

"எப்படி இருக்கீங்க ஆண்ட்டி? திங்கக்கிழமை கோர்ட்டுல பார்த்தேன். அந்த வயசுல எப்படித்தான் நிக்கிறீங்களோ."

"இந்த வயதில்" என்று திருத்தினேன்.

சிரித்தார். என் கணவர் படத்தைப் பார்த்து எழுந்து நின்றார். "லியோ மாமா. என்ன ஒரு ஜென்டில்மேன். கோயில்ல பாட்டுக் குழுவுக்கு அவர் மாதிரி இன்னொருத்தர் வரல."

நல்ல மனிதர்தான் என்றேன். இதை நான் எல்லாரிடமும் சொல்வேன்.

"பங்குக்குக் கம்பெனி ஒரு ஹால் கட்டித்தருது. லியோ மச்சாது ஹால்னு பேர் வைக்கலாம்னு நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம்." டப்பாவை என் பக்கம் தள்ளினார். "ஆண்ட்டி, நீங்க பொய் சொல்லணும்னு யாரும் கேக்கல. நீங்க அப்படிப்பட்டவங்க இல்ல. கொஞ்சம் சுருக்கிச் சொன்னா போதும். திங்கக்கிழமை செஞ்சீங்கள்லா, அது மாதிரி."

மக்ரூன் டப்பாவை மூடினேன்.

"என்ன செய்தேன்?"

"ஒரு வரியை விட்டீங்க. நம்ம பழைய மொழிபெயர்ப்பு ஆளு பின்னால உக்காந்திருந்தான். அவன் சொன்னான். எங்களுக்குப் புரிஞ்சிட்டு. ரொம்ப நன்றி."

நான் அவர்களுக்காக விட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். மறுத்திருந்தால், அவர்களுக்காக இல்லையென்றால் யாருக்காக என்று கேட்டிருப்பார்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஜெனிவீவ் மஸ்கட்ல தனியா இருக்காளாமே. அங்கயும் நம்ம கம்பெனிக்கு ஆட்கள் உண்டு ஆண்ட்டி. எந்த உதவின்னாலும் சொல்லச் சொல்லுங்க" என்றார். கேட்டைத் தானே மூடி, கொண்டியைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

மக்ரூனை ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். அவளும் வேண்டாம் என்றாள்.

ஜூன் 14, சனி

மகள் ஜெனிவீவ் கூப்பிட்டாள். யாரோ அவள் அலுவலகத்துக்குப் போய், அம்மா நலமா என்று விசாரித்திருக்கிறார்கள். தமிழ் ஆள், பெயர் சொல்லவில்லை.

"மம்மி, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? வேற ஆள் கிடைக்காமலா போயிரும்?"

"சரியாகச் செய்ய ஆள் கிடைக்காது."

"டாடி இருந்திருந்தா உங்களை விட்டிருப்பாங்களா?"

"விட்டிருக்க மாட்டார்."

பிறகு வேறு குரலில், "அந்தப் பொண்ணு என்ன சொல்லுது மம்மி? பேப்பர்ல படிச்சேன். அறைஞ்சானாமே. மம்மி, நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது கிதிர்ப்பூர்ல..." என்றாள்.

லைன் சரியாக இல்லை. வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோயில் பூசையில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. வழக்கமாக இடத்துக்குச் சண்டை நடக்கும்.

ஜூன் 16, திங்கள்

ஜெசிந்தா கணக்கை முடித்துக்கொண்டாள். "அவனுவ எம் மவன் பேரைச் சொல்லிக் கூப்புடுதானுவம்மா. பள்ளிக்கூடம் எதுன்னும் தெரிஞ்சு வச்சிருக்கானுவ. நான் என்ன செய்ய?" என்றாள். போ என்றேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, பின்பக்கக் கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பாத்திரங்களை நானே கழுவினேன். வாசலில் பைக் உறுமியபோது கையிலிருந்த கண்ணாடித் தம்ளர் விழுந்தது. என் கையிலிருந்து ஒரு பொருள் விழுந்து உடைந்து பல வருடங்கள் ஆகின்றன. முன்பெல்லாம் கேட் சத்தம் கேட்டாலே இப்படி ஆகும். வயதானால் இதெல்லாம் திரும்ப வரும்போலிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

முத்துவிஜயனுக்கு போன் செய்து உடம்பு சரியில்லை என்றேன். அவர் சமாதானம் சொல்லவில்லை.

"நீங்க இல்லன்னா எதிர்த்தரப்பு பழைய ஆளையே போடச் சொல்லி மனு கொடுக்கும், மேடம். ரெடியா வச்சிருக்காங்க. வேற பெங்காலி ஆளு நமக்கு இல்ல. அந்தப் பிள்ளை பேசினதெல்லாம் மறுபடியும் ஒரு வரியாப் போயிரும்."

"என்னை மிரட்டுகிறார்கள், முத்துவிஜயன்."

இந்த வாக்கியத்தை என் குரலில் கேட்டபோது எனக்கே அந்நியமாக இருந்தது. அவர், "நீதிபதி அம்மாட்ட சொல்லட்டுமா?" என்றார்.

"சொல்லுங்கள். நான் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள்."

மாலையில் ஒரு பெண் போலீஸ் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எதிர்த் தாழ்வாரத்து பைக் இரண்டு கடை தள்ளிப் போய் நின்றது. போகவில்லை.

ஜூன் 18, புதன்

எழுத ஒன்றுமில்லை. சேலைக்குக் கஞ்சி போட்டேன். மூன்று முறை தாழ்ப்பாள் பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

வரிசைப்படி எழுதுகிறேன்.

முதலில் நீதிபதியிடம், "அம்மா, போன முறை மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். சேர்க்க அனுமதி வேண்டும்" என்றேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சங்கரலிங்கம் ஆட்சேபித்தார். ஒரு காலத்தில் இளம் ஜூனியராக என் மேசை ஓரம் நின்று நகல் கேட்டவர். நீதிபதி மினதியிடம் மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன். சொன்னாள். நான் 'நான்' என்று தொடங்கி, காதுக்குள் கேட்ட சத்தத்தை, நாலு நாளை, அடக்கத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். மினதி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீளம் சரியாக இருந்திருக்க வேண்டும். தலையசைத்தாள்.

பின்வரிசையில் டெரன்ஸ் பீரிஸ் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். பக்கத்தில் பழைய மொழிபெயர்ப்பு ஆள்.

குறுக்கு விசாரணை. சங்கரலிங்கம் ஆஸ்பத்திரிச் சீட்டை உயர்த்திக் காட்டினார்.

"தங்கச்சி செத்த அன்னைக்கே உங்க காதுக் காயத்துக்கு டாக்டரைப் பாத்திருக்கீங்க. 'மாடிப்படியில விழுந்தேன்'னு சொல்லியிருக்கீங்க. அங்க மொழிபெயர்ப்பு ஆள் யாரும் இல்ல. நீங்களே படியைக் கையால காட்டிச் சொன்னீங்க. அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

இதில்தான் வழக்கு நிற்கிறது என்பது அறையிலிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. கேள்வியைச் சொன்னேன். மினதி குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்து, நிறுத்தாமல் பேசினாள். நான் சொன்னேன்:

"அப்போது சொன்னதுதான் பொய். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றார். அவர் நிற்காவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். விழுந்தேன் என்றால் டாக்டர் மருந்து தருவார். அடித்தார் என்றால், 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்பார். விழுந்தவளிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. வருஷக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தால், விழுந்த இடம்கூடக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். எந்தப் படி என்றுகூடச் சொல்லலாம்."

மினதியின் புருவம் சுருங்கியது. அவள் எப்போதோ வாயை மூடியிருந்தாள். நான் நீண்டுபோயிருந்தேன்.

பின்வரிசையில் பழைய ஆள் டெரன்ஸின் காதருகே குனிந்தான். டெரன்ஸ் எழுந்து, வழக்கறிஞர் மேசையை நோக்கி இடைவெளியில் நடந்து வரத் தொடங்கினார். அவர் வந்து சேர்ந்து, சங்கரலிங்கம் எழுந்து, மொழிபெயர்ப்பாளர் கதை கட்டுகிறார் என்று சொன்னால், அதற்கு முன் மினதி சொன்ன ஒவ்வொரு சொல்லும் என்னோடு சேர்ந்து போகும். எழுந்தேன்.

"அம்மா, ஒரு திருத்தம்."

"மறுபடியுமா?" யாரோ சிரித்தார்கள்.

"கடைசி இரண்டு வாக்கியங்கள் சாட்சி சொன்னவை அல்ல. நீக்கிவிட வேண்டும்."

நீதிபதி என்னைப் பார்த்தார். "சாட்சி சொல்லவில்லை என்றால், யார் சொன்னது?"

"நான்."

"நான் என்றால்?"

"உர்சுலா மச்சாது. மொழிபெயர்ப்பாளர்."

டைப் செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றன. டெரன்ஸ் பாதி வழியில் நின்றார். அவர் சொல்ல வந்ததை நானே சொல்லிவிட்டேன். சங்கரலிங்கம் எழுந்துவிட்டார்.

"நீக்கக் கூடாதும்மா. பதிவாகணும். மொழிபெயர்ப்பாளர் தன் சொந்த சமாச்சாரத்தைச் சேர்க்கிறார்னு அப்பீல்ல எனக்குக் காட்டணும். இவங்களை மாத்தவும் வேணும்."

"பதிவாகட்டும்" என்றார் நீதிபதி. "சாட்சி சொன்னது சாட்சியின் பெயரில். மொழிபெயர்ப்பாளர் சொன்னது அவர் பெயரில், தனியாக. தன் பிழையை யாரும் கேட்காமலே இரண்டு முறை சொன்னவரை நான் மாற்றப் போவதில்லை. சாட்சியம் நிற்கும்."

டைப் செய்யும் பெண் என் பக்கம் திரும்பினாள். "மேடம், அந்த ரெண்டு வரி வேகமாப் போயிட்டு. மறுபடி சொல்லுங்க."

சொன்னேன். முதல் தடவை தானாக வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவள் டைப் செய்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த சொல்லைச் சொன்னேன். எனக்காக எந்த நீதிபதியும் அப்படிக் காத்திருந்ததில்லை.

மினதி என் முந்தானையைத் தொட்டாள். "மாஷிமா, என்ன நடக்கிறது?"

நீதிமன்றத்தில் பேசப்படுவதெல்லாம் சாட்சிக்குத் தெரிய வேண்டும், அதுவும் என் சத்தியத்தில் அடக்கம். எல்லாவற்றையும் சொன்னேன். என்னுடைய இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்.

"சாட்சி என்ன சொல்கிறார்?" என்றார் நீதிபதி.

உள்ளபடி மொழிபெயர்த்தேன். "'உங்களை அடித்தது யார்?'"

எங்கள் கோயில் பங்குக்காரர்கள் நாலைந்து பேர் டெரன்ஸோடு வந்திருந்தார்கள். பாட்டுக் குழுவில் என் கணவரோடு பாடியவர் ஒருவரும் இருந்தார். சங்கரலிங்கம் தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டார்.

"அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை" என்றார் நீதிபதி, மெதுவாக.

தேவையில்லை என்பதையும் மினதிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பிறகு பதிலைச் சொன்னேன். முதலில் அவள் மொழியில், அடுத்து தமிழில், டைப் செய்கிற பெண்ணின் வேகத்துக்கு.